சொன்ன நாளில் போய் நில்

கண்ணு, ஈப்போ புந்தோங்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையத்தில் வாரம் ஒரு நாள் உதவப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கேட்டதும் மனசு குளிர்ந்தது. நான் அந்த வேலைக்கென்று படித்தவள் இல்லை. பால்மரத் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறூட்டப் போய், அப்படியே இதில் நின்றுவிட்டவள். பல குடும்பங்களோடு பழகியதில், எத்தனையோ பேர் ஆசையாக வந்து சீக்கிரமே காணாமல் போனதைப் பார்த்ததில், மனசில் தங்கியதை எண் போட்டு எழுதியிருக்கிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். வேலை ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் படி.

1. ஒரு கிழமையைச் சொல், அதைக் காப்பாற்று. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றால் செவ்வாய்க்கிழமை வா. மழையென்றால் குடையோடு வா. கையில் ஒன்றுமில்லையென்றால் வெறுங்கையோடு வா. எங்கள் நிலையத்துக்கு ஒரு இளைஞர் வருவார். வந்த அன்று கேக், பலூன், பாட்டு என்று ஒரே அமர்க்களம். அடுத்து எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. மார்க்கெட்டில் காய்கறி விற்கும் அம்மா ஒருவர் வியாழன்தோறும் ஒரு மணி நேரம் வந்து பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டுப் போவார். பேச்சு வராத ஒரு பையன் வியாழன் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்துவிடுவான். அவனுடைய தாய் அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் தன் பல்வலிக்குக் கிளினிக் போவாள். நீ ஒரு நாள் வராவிட்டால் அங்கே இரண்டு பேருடைய நாள் கெடும். பிரியம் எவ்வளவு இருந்தாலும், நேரத்துக்கு வராத பிரியத்தை நம்பி யாரும் உலை வைக்க முடியாது.

2. நிலையத்தைப் பார்க்கும் முன் வீட்டைப் பார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் தாய் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, போய்விடுவாள். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருக்கும். நடக்க முடியாத பிள்ளையை லயம் என்ற வரிசை வீடுகளின் வாசலில் உட்கார வைத்தால் போகிறவர் வருகிறவர் ஒரு வார்த்தை பேசுவார்கள், ஈ ஓட்டுவார்கள். வைத்தியம் இல்லை, பயிற்சி இல்லை, ‘முன்வினை’ என்ற பேச்சு வேறு உண்டு. அதையெல்லாம் அழகாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை இருப்பது லயம் முழுக்கத் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் வீட்டுமனைகளான பிறகு குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. கதவுக்கு இரும்புக் கிராதி வந்தது. இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்கே உள்ளே ஒரு பிள்ளை படுத்திருப்பது தெரியாமல் போயிற்று. நிலையம் என்று நாம் நடத்துவது, தொலைந்துபோன அந்த வாசலை மறுபடி உண்டாக்கும் முயற்சிதான். ஆகவே நிலையத்துக்கு வராதவர் வீட்டுக்கு நீ போ. முதல் தடவை கதவைத் திறக்காவிட்டால் வருத்தப்படாமல் இன்னொரு தடவை போ.

3. வயதுக்கு மரியாதை கொடு. டவுன் சிண்ட்ரோம் உள்ள, முப்பது வயதைத் தாண்டிய ஒருவரைப் பார்த்து, புதிதாக வந்த ஒரு பெண் ‘பாப்பா, வாயைத் திற’ என்றாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. மறுநாள் இன்னொருவர் ‘அண்ணே, பசியாறலாமா?’ என்றதும் தட்டை அவரே இழுத்து வைத்துக்கொண்டார். தாயைப் பார்த்து ‘இவருக்கு என்ன வேணும்?’ என்று கேட்காதே. அவரைப் பார்த்துக் கேள். பதில் வர நேரமாகும், சில சமயம் கண்ணசைவாக மட்டும் வரும். அதற்குக் காத்திருப்பதும் உன் வேலைதான்.

4. தொடுவதற்கு முன் கேள். சக்கர நாற்காலி அதில் இருப்பவருடைய உடம்பில் ஒரு பகுதி, கேட்காமல் தள்ளாதே. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காதே. கண் தெரியாத ஒரு பெரியவர் சாலையைக் கடக்கும்போது சொன்னார்: ‘என்னைத் தள்ளாதம்மா, ஒன் முழங்கையைக் குடு. நீ நடக்கிற நடையில எனக்குப் பள்ளம் மேடு தெரிஞ்சிடும்.’ எந்தப் பயிற்சி வகுப்பும் இதைவிட நன்றாகச் சொல்லித் தந்ததில்லை.

5. தாயை ஆசானாக வைத்துக்கொள். நம் நாட்டில் பிடிகே என்று எல்லாரும் சொல்லும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரங்கானுவில், பத்து ராக்கிட் என்ற இடத்தில் ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்கு அவரவர் ஊரிலேயே, குடும்பத்தையும் அக்கம்பக்கத்தையும் பழக்கி உதவி கிடைக்கச் செய்வதுதான் அதன் அடிப்படை. இன்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான பிடிகே நிலையங்கள் இருக்கின்றன. ஆகவே பயிற்சித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தாய்க்குப் பாடம் நடத்தாதே. தசை இறுகிய பையன் ஒருவனுக்குக் கையை நீட்டி மடக்கும் பயிற்சி சொல்லியிருந்தார்கள். பாயில் போட்டுச் செய்தால் வீடு அதிர அழுவான். குளிக்க வைக்கும்போது, வெந்நீர் ஊற்றிக்கொண்டே, பாட்டுப் பாடிக்கொண்டே அதே பயிற்சியைச் செய்துவிட்டாள் அவன் தாய். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘நீங்க எப்படிச் செய்றீங்க?’ என்பதுதான்.

6. அட்டைக்குத் தயங்கும் பெற்றோரோடு சண்டை போடாதே. ஓகேயு கார்டு என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுப்பது கட்டாயமில்லை; அவரவர் விருப்பம். காது, கண், பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்டவை என ஏழு வகையில் பதிவு உண்டு. டாக்டர் உறுதிப்படுத்த வேண்டும், சமூக நல இலாகா பதிவு செய்யும். ஆஸ்பத்திரிக் கட்டணம், ரயில் டிக்கெட் என்று பல இடங்களில் அது கைகொடுக்கும். ஆனாலும் ஒரு தாய் அதற்கான விண்ணப்பப் பாரத்தை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ‘கார்டு எடுத்தா இவன் அக்காவுக்கு மாப்பிள்ளை அமையாது’ என்று பயம். எவ்வளவோ விளக்கினோம், அசையவில்லை. கடைசியில், தன் பிள்ளைக்குக் கார்டு எடுத்த இன்னொரு தாய் வந்து ‘வா, ரெண்டு பேரும் போயிட்டு வரலாம்’ என்றாள். இவளும் கூடவே கிளம்பிவிட்டாள். அதிலிருந்து தெரிந்துகொள்: தாய்க்குத் தைரியம் இன்னொரு தாயிடமிருந்துதான் வரும். உன் வேலை அந்த இருவரையும் சந்திக்க வைப்பது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடு. கார்டு வந்தாலும் மாத உதவித்தொகை தானாக வராது. அதற்குத் தனி மனு, வருமானக் கணக்கு, தனிக் காத்திருப்பு எல்லாம் உண்டு.

7. உரிமையைத் தெரிந்து வைத்துக்கொள், குரலை உயர்த்தாதே. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த 2008 சட்டம் வந்தபோது, அதை மீறினால் இன்ன தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. பல்லில்லாத சட்டத்தை வைத்து வேலை வாங்க வேண்டுமென்றால் நமக்குப் பொறுமையும் தாளும் வேண்டும். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடு. எந்தத் தேதியில், எந்த முகப்பில், என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொள். ஒரு அலுவலகத்தில் கோபமாக மேசையைத் தட்டியவர் வெறுங்கையோடு திரும்பியதையும், பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதி வாரியாக வாசித்த ஒரு பாட்டி அன்றே கையெழுத்து வாங்கிப் போனதையும் ஒரே நாளில் பார்த்தேன்.

8. கோயிலையும் கிளினிக்கையும் மோத விடாதே. குழந்தை நேரத்துக்குத் தலை நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் வேண்டுதல்தான். அதைக் கேலி செய்தால் அந்தக் கதவு உனக்கு மூடிவிடும். ‘வேண்டிக்கிட்டது நல்லதுதான் அக்கா, அப்படியே காதையும் காட்டிட்டு வந்துடலாம்’ என்று சொல்லிக் கூடவே போ. முதல் சில வருடங்கள் போனால் வராது. ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் குழந்தை மருத்துவராக இருந்த டாக்டர் அமர் சிங், சிறு வயதிலேயே உதவி தொடங்க வேண்டும் என்று வாதாடி வருகிறார். காது கேளாத பிள்ளை என்று தெரிந்தால் வீட்டாருக்கும் சைகை மொழி கற்கச் சொல். பள்ளியில் கையால் நாள் முழுக்கப் பேசிவிட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் பேச ஆளில்லை என்றால் அதைவிடத் தனிமை எது?

9. படத்துக்காக யாரையும் நிறுத்தாதே. தீபாவளி வந்தால் அரிசி, எண்ணெய், போர்வை என்று பொட்டலங்கள் வரும். கூடவே பதாகையும் கேமராவும் வரும். ஒரு முறை பொட்டலம் வாங்க வந்த அப்பா ஒருவர், ‘அரிசிய நான் பின்வாசல்ல வந்து வாங்கிக்கிறேன், பிள்ளையை மட்டும் விட்டுடுங்க’ என்றார். அவர் மகள் அப்போது இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பத்திரிகையில் படம் வந்தால் கூட்டாளிகள் பார்ப்பார்கள். அன்றிலிருந்து கேட்டு, சம்மதம் வாங்கித்தான் படம். சம்மதம் இல்லையென்றால் கொடுப்பவரிடம் அதைப் பணிவாகச் சொல்ல உனக்குத் தெம்பு வேண்டும். அதற்காகக் கோபித்துப் போகிற கொடையாளி போகட்டும்.

10. ஒரு வெள்ளியானாலும் ரசீது கொடு. சங்கம் என்றால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி பதிவு, ஆண்டுக் கூட்டம், கணக்கு எல்லாம் உண்டு. ‘எல்லாம் நம்ம ஆளுங்கதானே’ என்று சொல்கிற இடத்தில்தான் கணக்கு முதலில் கெடும். கணக்கு கெட்டால் பின்னாலேயே சண்டை வரும், சண்டை வந்தால் நிலையத்துக்குப் பூட்டு வரும். பெரியவர்கள் மானத்துக்காகச் சண்டை போட, பிள்ளைகள் மறுபடி வீட்டுக்குள் அடைபட்டதை நான் பார்த்திருக்கிறேன். உன்னிடம் பணம் வந்தால் அன்றே எழுது, அன்றே ஒப்படை.

11. வேலை கொடு, கூலியையும் கொடு. நம் புந்தோங்குக்குக் கச்சாங் பூத்தே என்ற நொறுக்குத்தீனியால் பெயர். முறுக்கு, கடலை, ஓமப்பொடி எடை போட்டு, பைக்குள் அடைத்து, வாய் ஒட்டுவது பொறுமையான வேலை. அந்தப் பொறுமை நம் பிள்ளைகள் பலரிடம் இருக்கிறது. பிடிகேயில் பயிற்சி பெறுவோருக்குச் சமூக நல இலாகா நெடுங்காலமாக மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து வருகிறது. அது உதவித்தொகை, சம்பளமாகாது. அரசாங்க வேலையில் நூற்றுக்கு ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற கொள்கை 1988 முதல் இருக்கிறது. அந்த இலக்கை இன்னும் எட்டவில்லை. ஆகவே அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டே இரு, பக்கத்துக் கடைக்காரரையும் கேள். ‘சும்மா பொழுது போகட்டும்’ என்று வேலை தரும் முதலாளியிடம், மற்றவருக்கு என்ன கூலியோ அதையே தரச் சொல். தன் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கிக்கொடுத்த மகன் ஒருவன் அன்று முதல் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். அதுவரை தரையில்தான் தட்டு வைத்தார்கள்.

12. மனநோயைக் கேலி பேசும் இடத்தில் சிரிக்காதே. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911 முதல் இருக்கிறது. ஈப்போவில் யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால் ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு’ என்று சொல்லிச் சிரிப்பது நம் ஊர்ப் பழக்கம். அங்கே தங்கி, மருந்து எடுத்து, தேறி வந்த பெண் ஒருத்தி எங்களோடு சேர்ந்து சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் யாரோ அந்தக் கேலியைச் சொன்னார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. கைகால் ஊனம் கண்ணுக்குத் தெரியும், அதனால் நாம் வாயை அடக்கிக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத நோயோடு யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாது.

13. வாசலை அளந்து பார். சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்டும்போது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளமாவது வேண்டும். அரைஅடிப் படிக்கு ஆறடிச் சரிவு. மண்டபத்தில் பெயருக்குச் செங்குத்தாக ஒன்றைக் கட்டிவிட்டு, அதன்மேல் பூந்தொட்டியையும் வைத்துவிடுவார்கள். கையோடு ஓர் அளவு நாடா வைத்துக்கொள். வாசலோடு நிற்காதே, திருவிழாவுக்கும் வழி பார். தைப்பூசத்துக்குச் சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடிகள் கிளம்பும்போது, நம் நிலையத்து ஆட்களும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்கென்று தனி நாளில், தனி மண்டபத்தில் விழா எடுப்பது நமக்குச் சுலபம். ஊரே போகிற நாளில் ஊரோடு போக வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. எந்த நேரத்தில் கூட்டம் குறையும், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று முன்பே போய்ப் பார்த்துவை.

14. நாற்காலியை விட்டுக்கொடு. இங்கே நான் சொல்வது தலைவர் நாற்காலி. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். நம் நாட்டு மேலவையில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசிய பத்மாவதி கிருஷ்ணன் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். அப்படியிருக்க, ஒரு சிறிய நிலையத்தின் செயற்குழுவில் நடக்கிறவர்களும் பார்க்கிறவர்களும் மட்டும் உட்கார்ந்திருந்தால் எங்கோ தவறு இருக்கிறது. கூட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் கொடு. அவர்கள் உன் யோசனையை வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள். ‘உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்’ என்ற பேச்சு உன் வாயில் வந்தால் உடனே நிறுத்திக்கொள்.

15. ‘எனக்குப் பிறகு யார்?’ என்ற கேள்விக்குப் பயப்படாதே. ஒவ்வொரு தாயும் ஒரு நாள் இதைக் கேட்பாள். ‘கடவுள் இருக்கார்’ என்று சொல்லி ஓடாதே. உட்கார்ந்து கேள். அம்மா கையால் மட்டுமே சாப்பிடுகிற மகனுக்கு, அவள் நன்றாக இருக்கும்போதே இன்னொரு கையால் சாப்பிடப் பழக்கு. எந்த மருந்து எந்த வேளை, எதைக் கண்டால் பயம், எந்தப் பாட்டுக்குத் தூக்கம் வரும் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல். அண்ணன் தங்கைகளைக் கூப்பிட்டு, யாரால் எது முடியும் என்று சொத்து, பணம் உட்பட வெளிப்படையாகப் பேச வை. ஒரு வீட்டில் தாய் திடீரென்று போன அன்று, அந்த நோட்டுதான் மகனைச் சாப்பிட வைத்தது.

16. போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போ. உனக்குக் கல்யாணம் வரும், கோலாலம்பூரில் வேலை வரும், உடம்புக்கு முடியாமலும் போகும். நின்றுவிடுவது பாவமில்லை. சொல்லாமல் நிற்பதுதான் வலிக்கும். ‘அந்த அக்கா என் மேல கோவமா?’ என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு மாதம் முன்பே சொல். ஒவ்வொருவரிடமும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல், பேச்சு வராதவரிடமும் சொல். உன் கிழமையை எடுத்துக்கொள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து, சில வாரம் கூட்டி வந்து, யாருக்கு டீயில் சீனி கூடாது, யார் பெயரை முதலில் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் காட்டிக்கொடு. அவரிடமும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கிழமை வருவீர்கள்?